மிகவும் வேண்டியவர்

சிபாரிசுக் கடிதம் எழுதுகிற வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: போன இடத்தில் கடிதத்துக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதை எழுதியவன் பார்க்க வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் நடுவரை காரைக்காலில் ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் இந்த வேலையைச் செய்தேன். ஊரார் அவரை மெம்பர் என்பார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். கையெழுத்து வாங்கி, கேட்டு வந்தவரிடம் கொடுப்பேன். அவர் அதை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறுவார். உங்களில் யாராவது அப்படி ஒரு கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வியர்வையில் மை கலைந்துவிடுமோ என்று சிதம்பரம், கடலூர் வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி போயிருந்தால், நீங்களும் நம் கோஷ்டிதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகும் சங்கதியைப் பல வருஷமாக நம்பவும் முடியாமல், தள்ளவும் முடியாமல் இருந்திருக்கிறேன். அதை எனக்குச் சொன்னவர் ராமலிங்கம். பாண்டிச்சேரியில் உறுப்பினர்களின் கடிதங்கள் முதலில் வந்து விழும் மேசையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பாயசம் வரும்போது சாதாரணமாகச் சொன்னார்: “உங்க மெம்பர் லெட்டர்ல வேண்டியவர்னு இருந்தா மேல அனுப்புவோம். மிகவும் வேண்டியவர்னு இருந்தா மேல அனுப்பாம ஓரமா கட்டி வச்சுடுவோம். அவரே சொல்லி வச்ச ஏற்பாடுதானே, உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. அந்த ‘மிகவும்’ ஒருமுறை என் பெயருக்கும் போடப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. ஓர் அரசாங்க வேலைக்காகப் போட்டது. வேலை வரவில்லை. ராமலிங்கம் சொன்னது நிஜமானால், மெம்பர் என்னையும் அந்தக் கட்டோடு சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறார். பொய்யானால், நான் வீணாக ஒரு நல்ல மனிதரைச் சந்தேகிக்கிறேன். ராமலிங்கம் லேசுப்பட்டவர் அல்ல; அமைச்சர்கள் தம்மைக் கேட்டுத்தான் லீவு போடுவார்கள் என்கிற மாதிரி பேசுகிறவர். ஆகவே, நினைவில் இருக்கிற கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

எடை

மெம்பர் காலையில் பேப்பர் படித்துக்கொண்டேதான் கடிதம் சொல்லுவார். வந்தவர் குறையை ஒரு காதில் வாங்கிக்கொண்டு, பேப்பரை இறக்காமலே எனக்கு வாசகம் வரும். கடைசி வரி மூன்று விதம். ‘இவர் எனக்குத் தெரிந்தவர்.’ ‘இவர் எனக்கு வேண்டியவர்.’ ‘இவர் எனக்கு மிகவும் வேண்டியவர்.’ இது மேலே ஏறுகிற படி என்று நான் நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

நெரவிப் பக்கத்திலிருந்து கலியபெருமாள் என்ற விவசாயி பம்புசெட்டுக்குக் கரண்டு கேட்டு வந்தார். கடிதத்தை வாசலிலேயே பிரித்துப் படித்துவிட்டு உள்ளே திரும்பி வந்தார். “வரப்புக்கு அந்தாண்ட இருக்கிறவனுக்கு மிகவும் போட்டிருக்கீங்க. எனக்கு வெறும் வேண்டியவர். அவன் போன தடவை ஓட்டே போடல. நான் மாடு கன்னு போடுற நேரத்துல விட்டுட்டு வந்து போட்டேன்” என்றார். மெம்பர் பேப்பருக்கு மேலே கண்ணை மட்டும் காட்டி, “வேண்டியவரே போதுங்க, நல்ல வார்த்தைதான்” என்று சொல்லிப் பார்த்தார். கலியபெருமாள் நகரவில்லை. “சரி, அவரு ஆசைப்படுறாரு. போட்டுக் குடு தம்பி” என்றார் மெம்பர். அப்போது அவர் முகத்தில் இருந்தது சிரிப்பா, வருத்தமா என்று இன்னமும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பாழாய்ப்போன பேப்பர் மறைத்துவிட்டது.

அறுவடை முடிந்து கலியபெருமாள் வந்தார். அவருக்குக் கரண்டு வரவில்லை. வரப்புக்கு அந்தாண்டையும் வரவில்லை. வாய்க்கால் முனையில், வெறும் ‘வேண்டியவர்’ வாங்கிப் போன ஒருவருடைய மோட்டார் மட்டும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்ததாம். கோபம்கூட இல்லாமல் சொன்னார்: “மிகவும் போட்டதுல வெயிட்டு கூடிப்போச்சு போலருக்கு தம்பி. லெட்டர் கடலூரைத் தாண்டல.”

விளக்கு

காரைக்கால்மேட்டிலிருந்து பஞ்சாயத்தார் கூட்டமாக வந்தார்கள். அங்கே தனியாள் மனு கிடையாது. ஊருக்கே ஒரு மனுதான். மீன் ஏலம் போடுகிற இடத்தில் விளக்கு வேண்டும். விடியுமுன் படகு கரைக்கு வந்தால் கூடையில் இருப்பது என்ன மீன் என்று தெரியாமல் ஏலம் கேட்கிறார்கள். வெளிச்சம் வந்ததும் வாங்கினவர் சண்டைக்கு வருகிறார். மெம்பர் வழக்கம்போலச் சொன்னார், நான் எழுதினேன்: ‘இவ்வூரார் எனக்கு மிகவும் வேண்டியவர்கள்.’

பஞ்சாயத்துத் தலைவர் எதையும் கேட்காமல் வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை. சத்தமாகப் படித்துக்காட்டச் சொன்னார். கடைசி வரிக்கு வந்ததும் பின்னாலிருந்து ஒருவர், “எதுக்கு வேண்டியவங்களாம்?” என்றார். “ஓட்டுக்கு” என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். மெம்பரும் சிரித்தார். தலைவர் மட்டும் சிரிக்காமல் அந்த வரியை அடிக்கச் சொன்னார். வேறு தாளில் திரும்ப எழுதினேன். அந்த வரி இல்லாமல் போன கடிதத்துக்குக் கம்பமும் வந்தது, விளக்கும் வந்தது. இது ராமலிங்கம் பக்கத்துச் சாட்சியாக ஆகிறதே என்பதுதான் இப்போது என் கஷ்டம். அன்று தலைவர் சொன்னது: “நாங்க யாருக்கும் வேண்டியவங்களா இல்லாட்டி பரவாயில்லீங்க, எங்களுக்கு விளக்குதான் வேணும்.”

மாஹே

காரைக்காலில் அரசாங்க வேலை பார்ப்பவனுக்கு ஒரு தனிப் பயம் உண்டு. மற்ற ஊர்க்காரனை மாற்றினால் பக்கத்து ஜில்லாவுக்கு மாற்றுவார்கள். நம்மை மாற்றினால் ஆந்திரக் கரையில் யானாம், இல்லையென்றால் மலையாளக் கரையில் மாஹே. ஒரே அரசாங்கம், மூன்று பாஷை.

அம்பகரத்தூரைச் சேர்ந்த ஒரு குமாஸ்தாவை மாஹேக்கு மாற்றிவிட்டார்கள். அவர் மனைவி சரோஜா, கணவனைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமென்று பஸ் பிடித்து வந்து மெம்பர் வீட்டில் உட்கார்ந்துகொள்வார். அந்தச் சமயத்தில் மாஹேயிலிருந்து அந்தக் குமாஸ்தாவே மெம்பருக்கு ஓர் இன்லண்டு லெட்டர் எழுதினார். பிரித்துப் படித்துக்காட்டியது நான்தான். ‘என் மனைவி வந்து கேட்டால் அவசியம் எழுதிக் கொடுக்கவும். மறுத்தால் அழுவாள். ஆனால் வீட்டில் அவளும் என் அம்மாவும் ஒரே அடுப்பில் வைத்த இரண்டு கட்டைகள். இங்கே ஓயாமல் மழை பெய்கிறது, மனசு மட்டும் காய்ந்து சுகமாக இருக்கிறது.’ மெம்பர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுபடி சரோஜா வந்தபோது மெம்பர் பேப்பரை இறக்கினார். அது அபூர்வம். மாமியார் உடம்பு எப்படி, மாடு கறக்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு எனக்குச் சொன்னார்: ‘இவர் கணவர் எனக்கு மிகவும் மிகவும் வேண்டியவர்.’ இரட்டை ‘மிகவும்’ நான் எழுதியது அந்த ஒருமுறைதான். அவர் தாராளத்தைக் கண்டு எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. குமாஸ்தா மாஹேயிலேயே இருந்தார். சரோஜாவுக்கு வருத்தம் இருந்தது, பெருமையும் இருந்தது. “இவ்வளவு எழுதியும் விடமாட்டேங்கிறாங்கன்னா, அந்த ஆபீசே அவரு தலையிலதான் ஓடுது போலருக்குங்க.”

உயிர்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். தொப்பியைக் கழற்றாமல் காப்பி குடிக்கிற ஒரு சொல்தா எங்களிடம் வந்தார். எங்கேயோ யாரோ அவரை இறந்தவர் கணக்கில் எழுதிவிட்டார்களாம். உயிரோடிருப்பதாகக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டார். கூடவே மெம்பர் கடிதமும் இருந்தால் கெட்டி என்று அவர் நினைப்பு. ‘இவர் உயிரோடு இருக்கிறார், நேரில் பார்த்தேன்’ என்று எழுதினேன்.

அதற்குள் எங்கள் ‘மிகவும்’ ஊரெல்லாம் பேர் வாங்கியிருந்தது. சொல்தா கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துவிட்டு, ‘மிகவும் உயிரோடு இருக்கிறார்’ என்று மாற்றச் சொன்னார். அப்படித் தமிழில் சொல்வதில்லை என்றேன். தமிழ் யாருக்கு வேண்டும் என்றார். இந்தக் கடிதம் ராமலிங்கம் மேசைக்குப் போகவில்லை, ஆகவே வழக்கில் சேராது. மெம்பர் அன்று பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததற்காகத்தான் எழுதுகிறேன். அப்படிச் சிரிக்கிறவர் உள்ளுக்குள் வேறு ஏற்பாடு வைத்திருப்பாரா என்று கேட்டுக்கொள்வேன். வைத்திருப்பவன்தானே அப்படிச் சிரிப்பான் என்றும் உடனே தோன்றும். சொல்தா விடாமல் வாதாடினார்: “வெறும் உயிரைப் பிரெஞ்சுக்காரன் நம்ப மாட்டான் தம்பி, கொஞ்சம் கூட்டிப் போடுங்க.”

என் முறை

காரைக்காலிலேயே ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை காலியாயிற்று. எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். அரசாங்க வேலை கிடைத்தால் தேதி குறிக்கலாம் என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். ஊருக்கெல்லாம் எழுதியவனுக்குத் தனக்குக் கேட்க வாய் வரவில்லை. கடைசியில் கேட்டேன். மெம்பர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். எழுந்து ஜன்னல் வரைக்கும் போய் வந்தார். பிறகு சொன்னார்: ‘இவர் என்னிடம் இருக்கிறார். நேர்மையானவர். எனக்கு மிகவும் வேண்டியவர்.’ குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. அவருக்குச் சளி பிடித்திருந்த சமயம், ஆகவே அதைச் சாட்சியாக வைத்துக்கொள்ள முடியாது.

என்னைப் பற்றி நானே என் கையெழுத்தில் எழுதினேன். ‘மிகவும்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன். தலை நிமிர்ந்தபோது மெம்பர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. மறுநாளும் நான் அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவருக்கு எழுதினேன். பெண்ணின் அப்பாவிடம் போய், மெம்பர் இப்படியெல்லாம் எழுதியும் நடக்கவில்லை என்று வாசகத்தோடு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். பெண்ணைக் கொடுத்துவிட்டார், அது வேறு விஷயம். ஆனால் மென்று முடித்துவிட்டு அவர் சொன்னதை ராமலிங்கத்தைப் பார்க்கிறவரைக்கும் நான் வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்திருந்தேன்: “இம்புட்டு வேண்டிய ஆள எப்படி மாப்ளே வெளிய விடுவாரு?”

நிஜ மிகவும்

மெம்பர் அடுத்த தேர்தலில் தோற்றார். சில வருஷத்தில் காலமானார். நான் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதப் போனேன், இன்னமும் அங்கேதான் இருக்கிறேன். பந்தியில் கேட்ட சங்கதி மட்டும் செரிக்கவில்லை. ஐம்பது தாண்டினால் மனுஷனுக்குத் தூக்கம் குறையும், தேவையில்லாத கேள்வி கூடும். போன மாதம் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போய் ராமலிங்கத்தின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கண் ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். நான் வைத்திருந்த ஒரே எதிர்ச்சாட்சியை முன்னால் வைத்தேன். அப்பா இல்லாத ஒரு பெண்ணுக்கு நர்ஸ் படிப்புக்காக மெம்பர் ‘மிகவும்’ போட்டார், அவளுக்கு இடம் கிடைத்தது. உங்கள் கதைப்படி கிடைத்திருக்கக் கூடாதே என்றேன். ராமலிங்கம் யோசிக்கவே இல்லை. “கிடைக்கும், கிடைக்கும். லெட்டருக்குப் பின்னாடியே அவரும் பஸ் ஏறி வந்துட்டாரு. என் மேசையில கையை ஊனிக்கிட்டு, ராமலிங்கம், இது நெஜ மிகவும், கட்டிடாதீங்கன்னு சொன்னாரு. அந்த மாதிரி எப்பவாவது வருவாரு.”

அந்தப் பெண் கடிதத்தோடு பாண்டிச்சேரிக்குப் போன மறுநாள் மெம்பர் வீட்டில் இல்லை. இவ்வளவு நாள் கழித்து அது எனக்கு ஞாபகம் வந்தது. என் கடிதம் பாண்டிச்சேரிக்குப் போன அந்த வாரம் முழுதும் மெம்பர் என் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அது எப்போதும் ஞாபகத்தில் இருக்கிறது. ராமலிங்கத்தின் கதையை அந்த இடத்தில் நம்பிவிட்டேன். நம்பினதும் மாமனார் வெற்றிலை மென்று சொன்னது எழுந்து உட்கார்ந்தது.

மெம்பர் எனக்கும் ஒரு ‘மிகவும்’ போட்டிருந்தார் என்பதை ராமலிங்கத்திடம் அப்போதுதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் போன வேலை போனதுதான், ஆனால் எதனால் போனது என்று தெரிந்தால் சாப்பாடு இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று நினைக்கிற ஜாதி நான். அதனால், அவரைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாததை அவரிடம் கேட்டேன்.

“எனக்காக அவர் பஸ் ஏறி வரல, அது தெரியும். ஆனா அண்ணே, வராம இருந்தது நான் வேண்டாதவன்கிறதாலயா, இல்ல நெஜமாவே மிகவும் வேண்டியவன்கிறதாலயா?”