புடிச்சேன் என்று சொல்லாமல் பிடுங்கிய ஆலன் கீ

எங்கள் குருசுக்குப்பத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் மாத்திரை வாங்கிக் கொடுக்கிற கட்சி. பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்கள் இப்போது சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருப்பது தெரிகிறது, தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் இது ராத்திரியில் பயந்துபோய்ச் சொல்கிற கதை இல்லை, பட்டப்பகலில், பக்கத்தில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தது.

என் பெயர் மேரி. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு வைத்திக்குப்பம் பக்கம் ஒரு ஐஸ் பேக்டரியில் சேர்ந்தேன். சேர்த்தவர்கள் ஒன்றரை வருஷம் என்னை ஸ்டோரில் உட்கார வைத்து உப்பு மூட்டை எண்ணச் சொன்னார்கள். சண்டை போட்டுச் சண்டை போட்டு மெஷின் பக்கம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற அன்று, நடு ராத்திரிக்கு விசைப்படகெல்லாம் கடலுக்குப் போகப்போகிற நாளாகப் பார்த்து, ஐஸ் உடைக்கிற கிரஷரின் பெல்ட் பல் தாண்டிக் குதிக்க ஆரம்பித்தது. திறந்து பார்த்தால் ஸ்ப்ராக்கெட் என்கிற பல்சக்கரத்தில் பாதிப் பல் தேய்ந்து போயிருக்கிறது.

மானேஜர் பாஸ்கர் வந்து எட்டிப் பார்த்தார். "மேரி, நாலு மணிக்குள்ள ஆவலன்னா கடலூர்லேந்து ஆளு கூப்புட்டுருவேன். அப்பறம் நீ ஸ்டோருக்கே போயிடு, யாருக்கும் சங்கடம் இல்ல" என்றார். எனக்கு வந்த கோபத்தில் காது சுட்டது.

கிரஷருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கத்தான் இடம். படுத்துவிட்டால் திரும்ப முடியாது, கையைப் பின்னால் நீட்டித்தான் சாமான் வாங்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் செல்வம் அண்ணன் கிரஷரின் பியூஸைப் பிடுங்கித் தன் ஜோபியில் போட்டுக்கொண்டு, சாமான் எடுத்துக் கொடுக்கப் பின்னால் நின்றார். அவரிடம் ஒரு வழக்கம். கொடுக்கும்போது "புடி" என்பார். நாம் "புடிச்சேன்" என்று சொன்னால்தான் விடுவார். பக்கத்திலேயே உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதில் விழுந்த ஸ்பானர் எத்தனையோ.

இந்த ஸ்ப்ராக்கெட் நேராக ஷாஃப்ட்டில் உட்காராது. நடுவில் ஆப்பு மாதிரிச் சரிவாக ஒரு புஷ் இருக்கும். இரண்டு திருகை முறுக்கினால் புஷ் உள்ளே போய் ஷாஃப்ட்டைக் கவ்விக்கொள்ளும். கழற்றும்போது இரண்டையும் எடுத்துவிட்டு, அதில் ஒன்றை மூன்றாவதாக உள்ள ஓட்டையில் போட்டு முறுக்கினால் புஷ் கழன்றுகொள்ளும். செல்வம் அண்ணனின் நீட்டு ஆலன் கீயால், அந்த ஆறுபட்டைச் சாவியால், திருகு இரண்டையும் கழற்றிவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது ஓட்டையைத்தான் காணவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று பெயின்ட்டும் உப்புத்துருவும்தான். இந்த மாடலில் அது கிடையாது போலிருக்கிறது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு கையைப் பின்னால் நீட்டினேன்.

"செல்வண்ணே, சுத்தியல்."

கையில் வந்தது சுத்தியல் இல்லை. ஒல்லியாக, கூராக, கோடு கிழிக்கிற ஊசி. இழுத்தேன், வரவில்லை. "புடிச்சேன்" என்றேன், விட்டது. சுத்தியல் கேட்டால் ஊசியா என்று எரிச்சலில் அதை வைத்து அந்தப் பெயின்ட்டை ஒரு குத்துக் குத்தினேன், நம்பினால் நம்புங்கள், குத்திய இடத்தில் பெயின்ட் பொருக்காக உதிர்ந்து உள்ளே மரை தெரிகிறது. மூன்றாவது ஓட்டை. சுத்தியலால் அடித்திருந்தால் சக்கரமும் உடைந்திருக்கும், என் வேலையும் போயிருக்கும்.

ஊசியைப் பின்னால் நீட்டி "புடி" என்றேன், வாங்கிக்கொண்டது. "ஆலன் கீ" என்றேன். வந்தது, குட்டையாக, பிடியில் சிவப்பு நூல் சுற்றி. இது எப்போது வாங்கினார் என்று நினைத்தேனே தவிர, நேரமில்லை, திருகைப் போட்டு முறுக்கினேன். டக் என்று ஒரு சத்தம், புஷ் விட்டுவிட்டது. எனக்கு அப்படியே படுத்தபடி விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. கீயைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஐஸ் பேக்டரியில் உப்புக்குப் பயந்து எதைத் தொட்டாலும் எண்ணெய் போட்டுப் பழக்கம். "எண்ணெ கேனு" என்றேன். வரவில்லை. இன்னொரு தடவை கேட்டேன், வரவில்லை. பிறகு உள்ளங்கையில் காய்ந்த துணி ஒன்று வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் உறைத்தது, புஷ்ஷின் சரிவில் எண்ணெய் பட்டால் பிடிப்பே நிற்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து தலைமாட்டில் வைத்திருந்த புது ஸ்ப்ராக்கெட்டையும் புஷ்ஷையும் சுத்தமாகத் துடைத்து, துணியைத் திருப்பிக் கொடுத்தேன். ஷாஃப்ட்டில் ஏற்றி, மோட்டார் பக்கத்துச் சக்கரத்தோடு நூல் பிடித்து நேர் பார்த்து, குட்டைக் கீயைத் திரும்ப வாங்கி இரண்டு திருகையும் மாற்றி மாற்றி இறுக்கினேன். கீயைக் கொடுத்துவிட்டு "சுத்தியல்" என்றேன். இப்போது சுத்தியல் வந்தது. புஷ்ஷைச் சுற்றிக் கட்டை வைத்துத் தட்டி, சுத்தியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசி இறுக்கு இறுக்க மறுபடி கீ கேட்டேன். அந்த நேரம் பார்த்து வெளியே மானேஜர், "மேரி, மணி மூணரை" என்று கத்தினார். அவசரத்தில் "புடிச்சேன்" சொல்ல மறந்து கீயை வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். ஒரு நொடி அந்தப் பக்கம் இறுக்கிப் பிடித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

இறுக்கி, பெல்ட் மாட்டி, ஊர்ந்து வெளியே வந்தால் ஒருத்தரும் இல்லை. செல்வம் அண்ணன் கேட் பக்கமிருந்து வேகமாக வருகிறார், தோளில் சாமான் பை.

"மன்னிச்சுக்க மேரி, பன்னெண்டரைக்கே பம்பு ரூமுக்கு இஸ்துகினு போயிட்டாங்க. சொல்லிட்டுத்தான் போனேன், சத்தத்துல ஒனக்குக் கேக்கல போல. பையும் எங்கிட்டயே வந்துட்ச்சி. நீ எத்த வெச்சி வேல பண்ண?"

பையைத் திறந்து காட்டினார். ஊசி, சுத்தியல், அவருடைய நீட்டு ஆலன் கீ, எல்லாம் அதனதன் இடத்தில். என் கையில் மட்டும் சிவப்பு நூல் சுற்றிய குட்டைக் கீ. அது யாருடையது என்று பேக்டரி முழுக்கக் கேட்டாயிற்று, யாரும் பார்த்ததே இல்லை என்கிறார்கள்.

பியூஸைப் போட்டதும் கிரஷர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, பெல்ட்டில் ஒரு சிணுங்கல் கிடையாது. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முதல் லாரிக்கு ஐஸ் கொட்டியது. மானேஜர் வீட்டில் பிரெஞ்சு பேசுவார்கள், ஆனால் பேக்டரியில் அவர் வாயிலிருந்து ஒரு பிரெஞ்சு வார்த்தை வராது. அன்றைக்கு என் முன்னால் வந்து நின்று "மெர்சி, மேரி" என்று பிரெஞ்சிலேயே நன்றி சொன்னார். "கடலூர் ஆளுக்குப் போன் பண்ணி வராதன்னு சொல்லிடுங்க சார்" என்றேன். இரண்டு நாள் கழித்து வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கப் போனபோது, கூடையில் மீன் மேல் கிடந்த ஐஸைப் பார்த்து, இது நான் உடைத்த ஐஸாக்கும் என்று மீன்கார அக்காவிடம் சொல்லி அரைக்கிலோ அதிகமாகவே வாங்கினேன். இப்போது கிரஷர் முனகினாலே "மேரியக் கூப்புடு" என்கிறார்கள். ஸ்டோரில் வேறு ஆள்.

ஒன்றுதான் உறுத்துகிறது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் அதே இடுக்கில் படுத்து, கீயைப் பின்னால் நீட்டி "புடி" என்றேன். கை வலிக்கிற வரைக்கும் நீட்டிக்கொண்டிருந்தேன், வாங்கவில்லை. சரி, எனக்கே கொடுத்தாயிற்று என்று சந்தோஷமாகப் பெட்டியில் போட்டேன். மறுநாள் எடுக்கப் போனால் வரவில்லை. பெட்டியில் எதிலும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை, சும்மாதான் கிடக்கிறது, இழுத்தால் மட்டும் வரவில்லை. செல்வம் அண்ணன் சிரித்தபடி வந்து இழுத்துப் பார்த்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

நான் குனிந்து மெதுவாக "புடிச்சேன்" என்றேன். வந்தது. இன்றைக்குக் காலையிலும் அப்படிச் சொல்லித்தான் எடுத்தேன்.