வில்லங்கச் சான்றில் என் வீடு

ஒரகடத்தில் நான் வாங்கிய வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. பிள்ளைப்பாக்கத்து நிலத்தை விற்று அப்பா தந்தது முன்பணம்; மீதி வங்கிக் கடன். பத்திரத்தில் என் பெயர் மட்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கைரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆளும் நான்தான்.

குடியேறிய ஆறாம் மாதம் லிஃப்ட் நின்றது. குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் கேட்டேன்.

"மெயின்டனன்ஸ் ஒழுங்கா வந்தா லிஃப்ட் ஓடும்மா."

"லிஃப்ட் ஓடினா மெயின்டனன்ஸ் வரும் சார்."

படிக்கட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து பராமரிப்புத் தொகையை நிறுத்தினேன். ஏன் கட்டவில்லை என்று மாதந்தோறும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர்களிடம் பதில் இல்லை என்றே நினைத்தேன்.

பிறகு, சங்கம் போட்ட வழக்கில் நீதிமன்ற சம்மன் வந்தது. வாய்தா நாளன்று எனக்குத் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட். நீதிபதிக்கும் ஒரு கடிதம் எழுதினேன், மூன்று பக்கம், ஒரு பிழை இல்லாமல். நேரில் போகவில்லை. போக வேண்டும் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வெளியில் யாரையாவது கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஆண்டு தொழிற்சாலையில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தவணைகள் தவறின. வீட்டை ஏலம் விடப்போவதாக வங்கி கெடு வைத்தது. அதற்குள் நானே விற்றுவிட ஆள் தேடினேன். லாரித் தொழிற்சாலையில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் கிடைத்தார்.

பத்திரம் எழுதுபவரின் கடைக்கு அப்பாவும் வந்திருந்தார். எழுதுபவர் வில்லங்கச் சான்றை என் பக்கம் தள்ளினார்.

"இன்னாம்மா, வூட்டு மேல கோர்ட் ஜப்தி ஏறிக்கீது. சங்கம் வாங்கிக்கீறாங்க. தெரியாதா?"

"நான் லெட்டர் போட்டேன் சார்."

"கோர்ட்டுக்கு லெட்டரா? தெருவுல லைட் எரியலன்னு மனு குடுத்த மாதிரியா? நீ போவல, அவங்க பக்கம் தீர்ப்பாயிடுச்சு. இனி மொத்தமா கட்டி, அவங்க கோர்ட்ல சொல்லி, ஜப்தி நீங்கினாதான் பத்திரம்."

"எத்தினி நாளு ஆவும்?" என்றார் அப்பா.

"மாசக்கணக்குல இழுக்கும்ணே."

வாங்க வந்தவர் எழுந்தார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். வில்லங்கம் இருந்தா தொடாதலேன்னு எங்கய்யா சொல்லித்தான் அனுப்புனாவ."

அவர் போனபின் அப்பா சான்றைக் கையில் எடுத்தார்.

"இதுல உன் பேரு எது?"

விரல் வைத்துக் காட்டினேன்.

வங்கியின் கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அப்பா சான்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தார். அங்கே நின்றபின், "ரிஜிஸ்டர் ஆபீசு லீவுன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடலாம்" என்றார்.

சரி என்றேன்.