பல்லில் கடித்த மனு

எங்கம்மா காசியம்மாள் வாயைத் திறந்தால் இடது தாடையில் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். சோற்றுக் கவளத்துக்கு ஒரு டக், கொட்டாவிக்கு ஒரு டக். என்னைத் திட்டுவதற்கு முன்னாலும் அது வந்துவிடும் என்பதால் எனக்கு நழுவ நேரம் கிடைக்கும். சிறுசேரியில் எனக்கு வேலை கிடைத்த வருஷம் அவளைச் செங்கல்பட்டில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, “எதையாவது ரொம்ப அழுத்திக் கடிச்சீங்களாம்மா?” என்று கேட்டார்.

“ஆமா சார். பிரசிடெண்டு எலெக்சன் பாரத்த.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? உண்மையைத்தான் சொன்னாள். முழுக்கதையையும் சொல்லலாம் என்றால் வெளியே ஒரு பெஞ்சு நிறைய ஆட்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதனால் இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊர் கோரைத்திட்டு. செய்யூர்ப் பக்கம். கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் ஒரு மணல் துண்டு. அதில் ஒரு ஊர், ஒரு காலனி. நாங்கள் காலனி. இப்போது கழிக்குக் குறுக்கே பாலம் வந்துவிட்டது, என்னைக் கம்பெனி வண்டி நேராக வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அப்போது தோணி ஒன்றுதான் வழி. சுற்றிக்கொண்டு மணலில் நடந்தால் அரை நாள் போய்விடும்.

அம்மா சின்ன வயதில் கழியில் எறா தடவியவள், அதாவது சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தவள். அப்புறம் சேற்றுக்கடியில் சுண்ணாம்புக் கிளிஞ்சல் தோண்டினாள். பிறகு நாற்று நட்டாள், களை பறித்தாள், கிடைத்த வேலையெல்லாம் செய்தாள். எல்லாவற்றிலும் அவளுக்குக் கூட்டு பட்டம்மாள். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே வயசு. கல்யாணத்துக்கப்புறம் பட்டம்மாள் பெரிய வீட்டு ஜானகிராமனின் மாட்டுக் கொட்டகையில் வேலைக்குப் போனாள், புருஷன் செத்தபிறகு அங்கேயே தங்கிவிட்டாள். அம்மா அறிவொளி வகுப்புக்குப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். பட்டம்மாளுக்கு அந்த நேரத்தில் பால் கறக்க வேண்டியிருந்தது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். அம்மாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கரைக்குக் கொண்டுவந்தபோது, தோணியில் ஜானகிராமன் வீட்டுத் தேங்காய் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. மூட்டை போய்த் தோணி திரும்பட்டும் என்றார்கள். தம்பி கரையிலேயே பிறந்து கரையிலேயே போய்விட்டான். அவனை மடியில் வாங்கியவள் பட்டம்மாள். இதைப் பற்றி அம்மா எங்களிடம் பேசமாட்டாள், ஆனால் தோணியில் ஏறும்போதெல்லாம் அவள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றைக்கும் தேங்காய் மூட்டையைப் பார்த்தால் வயிறு எரியும்.

தோணியைக் குத்தகைக்கு விடுவது பஞ்சாயத்து. பஞ்சாயத்து என்றால் ஜானகிராமன். தொண்ணூற்றாறில் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறது என்று அறிவிப்பு வந்ததும் அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. “நம்ம பட்டம்மா நிக்கட்டும். போட்டி கீட்டி வாணாம், ஊரு ஒத்துமையா இருக்கட்டும்” என்றார். அடேயப்பா, என்ன பெருந்தன்மை! கையெழுத்துப் போடத் தெரியாத பட்டம்மாள் தலைவர், பேனா அவருடையது. காலனியில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

எங்கம்மா திறந்தாள். “நான் நிக்கிறேன். தோணி நம்ம கைக்கு வரணும்” என்றாள். அப்பா கல்பாக்கம் பக்கம் கொத்து வேலையில் இருந்தார். முன்மொழிபவராக அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, “பாத்து செய்யி” என்று வேலைக்குப் போய்விட்டார். அக்கரையில் ஒன்றிய அலுவலகத்தில் மனுக் கொடுக்கக் கடைசி நாள் புதன்கிழமை, மூன்று மணி வரை.

அன்றைக்கு அம்மா அரக்கு நைலக்ஸ் சேலையைக் கட்டிக்கொண்டாள். மாமா கல்யாணத்துக்கு எடுத்தது, அதற்கப்புறம் பெட்டியைவிட்டு வெளியே வராதது. மனுவைப் பால் கவரில் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். எங்கள் பெண்களுக்கு உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. சில்லறை, மாத்திரை, ரேஷன் கடைச் சீட்டு, எல்லாம் அங்கேதான்.

கரைக்குப் போனால் தோணி மணலில் கவிழ்ந்து கிடந்தது. தோணிக்காரர் ராஜாராம் அதன் நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா ராஜாராமு, தோணிய கவுத்துட்ட?”

“ஓட்ட உழுந்துட்சி காசிம்மா. இன்னிக்கி ஓடாது.”

“கார்த்தால ஓட்ச்சே. பெரிய வூட்டுக்காரரு பட்டம்மாள இட்டுகினு இதுலதான போனாரு?”

“வந்தப்புறம் உழுந்துச்சி.”

அம்மா தோணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பலகையெல்லாம் கையால் தடவினாள். “எங்க கீது ஓட்ட? காட்டு.”

ராஜாராம் வானத்தைப் பார்த்தார். “பேஜாரு பண்ணாத காசிம்மா. எனக்கும் புள்ள குட்டி கீது.”

அம்மா அவரை விட்டுத் திரும்பினாள். கழியைப் பார்த்தாள். வத்தம் இறங்கியிருந்தது. தண்ணீர் கடலுக்குப் போய், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் சேறு பளபளவென்று கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு ஓடை. ஏத்தம் திரும்பி மறுபடி தண்ணீர் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். செருப்பைக் கழற்றி ராஜாராம் முன்னால் வீசிவிட்டு இறங்கினாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எறா தடவுகிற பெண்கள் சேற்றில் நடக்கமாட்டார்கள். குப்புறப் படுத்த மாதிரி, முட்டியும் முழங்கையும் அகல வைத்து ஊர்ந்து போவார்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தடவி எறாவைப் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். நின்றால் கால் இறங்கும், படுத்தால் சேறு தாங்கும். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவள் நிமிர்ந்துதான் நடந்தாள்.

“ஏம்மா, உனக்கு மண்டைல ஏதாவது இருந்துச்சா?” என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

“பிரசிடெண்டுக்கு நிக்கப் போற பொம்பள சேத்துல தவழ்ந்துகினா போவா? சேல பாழாப் பூடும்ல?” என்பாள். வீம்பு. வேறென்ன?

கோரை முளைத்த இடம், நண்டு வளை இருக்கிற இடம் என்று கெட்டியான தரையாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனாள். பாதி தூரம் நன்றாகத்தான் போனது. அவள் மறந்தது கிளிஞ்சல் பள்ளங்களை. கிளிஞ்சல் தோண்டி எடுத்த குழிகளைச் சேறு மூடிவிடும். மேலே மற்ற இடம் மாதிரியே இருக்கும், உள்ளே கூழ். அவளும் பட்டம்மாளும் தோண்டியதாகவே இருக்கலாம், யார் கண்டது? வலது கால் போனது. அதை எடுக்க இடது காலை ஊன்றினாள், அதுவும் போனது. இழுக்க இழுக்க இறங்கிக்கொண்டே போய், சேறு இடுப்புக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் பயந்தாள். அம்மா பயந்தேன் என்று சொல்லி நான் கேட்டது இந்த ஒரு இடத்தில்தான். முன்னால் ஓடையில் தண்ணீர் நெளிய ஆரம்பித்திருந்தது. ஏத்தம் திரும்பிவிட்டது. இடுப்பளவு சேற்றில் சிக்கினவளுக்குக் கழுத்தளவு தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வர ஒரே வழி படுப்பது. நெஞ்சைச் சேற்றில் வைத்துப் படுத்தால் மனு போச்சு. ரவிக்கைக்குள்ளிருந்து பால் கவரை எடுத்தாள். கை இரண்டும் வேண்டும், சேற்றைத் தள்ள. வேறு எங்கே வைப்பது? பறியைக் கடிக்கிற மாதிரி பல்லில் கடித்தாள். அப்புறம் அரக்கு நைலக்ஸ் சேலையோடு குப்புறப் படுத்தாள்.

திரும்பிப் பார்த்தால் கரையில் ராஜாராம் எழுந்து நின்றுகொண்டிருந்தாராம். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஒரு சத்தம் போட்டிருந்தால் அந்த மனுஷன் தோணியைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பார், அவ்வளவு மோசமானவர் இல்லை. ஆனால் கூப்பிட வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும்.

அம்மா திறக்கவில்லை.

காலை ஆட்டி ஆட்டிச் சேற்றைத் தளர்த்தி, ஒன்றை உருவி, அதை அகட்டிப் போட்டு, மற்றதை உருவினாள். கிளிஞ்சல் கிழித்து முழங்கால் ரத்தமானது. ஊர்ந்தாள். ஓடையில் தண்ணீர் மார்புக்கு மேல் வந்து இழுத்தது, தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு நீந்தினாள். மூக்கில் தண்ணீர் ஏறியபோதும் பல்லைத் தளர்த்தவில்லை. அக்கரையில் ஏறிப் புல்லில் உட்கார்ந்தபோது வாயிலிருந்து கவரை எடுக்க முடியவில்லையாம். தாடை பூட்டிக்கொண்டது. கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் ‘டக்’. அதுதான் முதல் டக்.

அந்தக் கோலத்தில் எந்தப் பஸ்ஸில் ஏற்றுவார்கள்? ஒரு மணல் லாரிக்காரர் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார். ஒன்றிய அலுவலகத்தில் போய் இறங்கியபோது வாட்ச்மேன் பயந்து எழுந்துவிட்டாராம்.

வேப்ப மரத்தடியில் பட்டம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள், கையில் அவளுடைய மனு. ஜானகிராமனைக் காணவில்லை. புதன்கிழமை மதியம் ராகு காலம். ராகு காலத்தில் மனுக் கொடுக்கலாமா? அது முடியட்டும் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓட்டலுக்குச் சாப்பிடப் போய்விட்டார். தோணி கவிழ்ந்து கிடக்கிறது, யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம். எங்கம்மா ராகுவையும் பார்க்கவில்லை, கேதுவையும் பார்க்கவில்லை, நேராக உள்ளே போனாள்.

அதிகாரி நல்ல மனுஷன். முகம் சுளிக்காமல் கவரைப் பிரித்தார். பல் பட்ட இடத்தில் கவர் கிழிந்து, தாளின் அந்த மூலை கூழாகியிருந்தது. அப்பாவின் கையெழுத்து இருந்த மூலை.

“வேற பாரம் தர்றேம்மா. உங்க விவரத்த திரும்ப எழுதிக்கலாம். ஆனா முன்மொழியிறவர் கையெழுத்து வேணுமே. உங்க ஊர் ஓட்டர் யாராவது வந்திருக்காங்களா?”

யார் வந்திருக்கிறார்கள்? அப்பா கல்பாக்கத்தில். காலனி முழுக்க அக்கரையில். அம்மா நடையில் வந்து சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பளவு சேற்றில் அழாதவள் அங்கேதான் அழுதாள்.

பட்டம்மாள் எழுந்து வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து ஒட்டியிருந்த நீலக்கறுப்புச் சேற்றை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“கிளிஞ்சப் பள்ளத்துல உழுந்தியாம்மே?”

“ஆமா.”

“நடந்தா வந்த?”

“மொதல்ல நடந்தேன். அப்பால படுத்துட்டேன்.”

“அறிவு கெட்டவளே. உலக்க முழுங்கனவ கணக்கா நடந்து வந்தாளாம், பெரிய சீமாட்டி” என்று திட்டிக்கொண்டே முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். துடைக்கும்போது அவள் கை நின்றுவிட்டது. “தோணி கெடச்சிருந்தா அன்னிக்கி அந்தக் கொழந்த...” என்றாள். அம்மாவைத் தூக்கி நிறுத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

“சார், இவளுக்கு நான் கைநாட்டு வெக்கிறேன்.”

“நீங்களே மனுக் குடுக்கத்தானேம்மா வந்தீங்க?”

“நான் இன்னும் குடுக்கலியே சார். குடுக்கவும் போறதில்ல.”

ராகு காலம் முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு ஜானகிராமன் வந்தபோது அம்மா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பட்டம்மாள் தன்னுடைய மனுவை மடித்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவர் கத்தினார், மிரட்டினார், கடைசியில் கெஞ்சினார். பட்டம்மாள் விசிறுவதை நிறுத்தவில்லை. சரி, காலனியிலிருந்து வேறொரு பெண்ணை இழுத்துக்கொண்டு வரலாம் என்றால் எதில் கூட்டி வருவது? தோணியைக் கவிழ்க்கச் சொன்னவரே அவர்தானே! மணி மூன்று அடித்தது. அவர் ஆசைப்பட்டபடியே எங்கள் ஊரில் போட்டியே இல்லை. ஊர் ஒத்துமையாக எங்கம்மாவைத் தேர்ந்தெடுத்தது.

அன்று சாயங்காலம் தோணியின் ஓட்டை தானாக அடைபட்டிருந்தது. ராஜாராம் அக்கரைக்கே கொண்டுவந்து காத்திருந்தார், மடியில் அம்மாவின் செருப்போடு. கொட்டகையிலிருந்து பட்டம்மாளின் பானை சட்டிகளைத் தெருவில் எறிந்துவிட்டார்கள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பல வருஷம் என் பாயில்தான் படுத்தாள். அவள் குறட்டையைப் பற்றி நான் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அம்மா தலைவரானதும் முதலில் தோணிக் குத்தகையை மாற்றினாள். நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் ஏறினபிறகுதான் மூட்டை என்று தோணியிலேயே எழுதி வைக்கச் சொன்னாள். ஐந்து வருஷத்தில் எத்தனையோ விஷயத்தில் தோற்றாள், அதில் மட்டும் ஒருவரையும் மீற விடவில்லை.

இரண்டாயிரத்தொன்றில் அடுத்த தேர்தல் வந்தது. பதவி அப்போதும் அதே ஒதுக்கீடுதான். அம்மா நின்றால் ஜெயிப்பாள் என்று ஜானகிராமனே சொன்னார். அம்மா பாரத்தை வாங்கிவந்து, முன்மொழிபவர் என்ற இடத்தில் முதலில் தன் கையெழுத்தைப் போட்டாள். அப்புறம்தான் அதைப் பட்டம்மாளிடம் நீட்டினாள். “இந்தா, நீ ஒருவாட்டி எனக்கு வச்ச. இப்ப உன் பேர எழுதச் சொல்லு.”

பட்டம்மாள் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நன்றாக அழுதாள், அவளைப் பார்த்து நானும் அழுதேன். அவள் பெயரை நான்தான் எழுதினேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளைச் சுருட்டி, வழக்கம்போல ரவிக்கைக்குள் சொருகப் போனாள்.

டக்.

“அங்க வெக்காதடி முண்டம்! கையில புடி!” என்று அம்மா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

“தோணியிலதானம்மே போறோம்?” என்றாள் பட்டம்மாள்.

“அக்கர போய்ச் சேர்ற வரைக்கும் எதையும் நம்பாத. கையிலயே புடி.”

பட்டம்மாள் கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள்.