கெராங் சாப்பிட்ட இரண்டு மாதம்

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம், எனக்கு ரத்தம் குறைவு என்று கிளினிக் நர்ஸ் மிஸி சொன்ன அன்றே என் கணவர் வைத்தியராகிவிட்டார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்களே என்று சொன்னால் காதில் வாங்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் கிள்ளான் பாசாரிலிருந்து எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு ஒரு கிலோ கெராங் வந்து இறங்கியது. அந்தச் சிப்பியைப் பிளந்தால் உள்ளே ரத்தம் போலவே சிவப்பாக இருக்கும். அவருக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் தேவைப்படவில்லை.

எனக்கும் பிடிக்கும், பொய் சொல்வானேன். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அது சேறு கக்கியதும் கொட்டி, மறுபடி ஊற்றுவேன். தண்ணீர் தெளிந்தால் கெராங் சுத்தம் என்பது என் கணக்கு. பிறகு அவித்து, மிளகாய்ச் சம்பலில் தொட்டுத் தொட்டு, ஒரு தட்டு நிறைய ஓடுகளைக் குவித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

ஏழாம் மாதத்தில்தான் கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தது. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் கரையோரச் சேற்றில் வளரும் சிப்பிகளில் ஈயமும் காட்மியமும் சேரலாமாம். கர்ப்பிணிகள் கவனமாக இருக்க வேண்டுமாம். படித்து முடித்ததும் கைப்பேசியை இவரிடம் நீட்டினேன்.

"நல்லா அவிச்சா எல்லாம் போயிரும் லா," என்றார் இவர்.

"போகலன்னா?"

"நீ கண்டதையும் படிக்காத."

அடுத்த பரிசோதனையில் மிஸி விரலில் குத்திப் பார்த்துவிட்டு, ரத்தம் நன்றாக ஏறியிருக்கிறது என்று சத்தமாகப் பாராட்டினார். இவர் பரிசு வாங்கியவர் மாதிரி என்னைப் பார்த்தார். நான் நேராக டாக்டரிடம் கெராங்கைப் பற்றிக் கேட்டேன்.

"அவிச்சா கிருமி சாகும். உலோகம் போகாது. இனிமே வேணாம்மா."

"இதுவரைக்கும் சாப்பிட்டது, டாக்டர்?"

"எங்க புடிச்சது, அதுல எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியாம எப்படிச் சொல்றது? ஸ்கேன்ல பிள்ளை நல்லாத்தான் இருக்கு. பயப்படாதீங்க."

பயப்படவா, வேண்டாமா? ரத்தம் ஏறியது மாத்திரையாலா, கெராங்காலா? என் பிள்ளைக்கு நான் ஊட்டியது சத்தா, விஷமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவரையாவது திட்டித் தீர்க்கலாம் என்று திரும்பினால், அவர் முகம் அதற்குள் சுண்டிப் போயிருந்தது.

வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒரு பெண், நான்கு மாதம் இருக்கும், என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, மிஸி சொன்னது கேட்டுச்சு. எனக்கும் ரத்தம் கம்மி. என்ன சாப்பிட்டீங்க? சொல்லுங்க லா."

"மாத்திரைதான்."

"வேற ஒண்ணுமே இல்லையா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேற ஒண்ணும் இல்ல," என்றேன்.