முதல் பாகத்தின் கதைச்சுருக்கம்

தாராவியில் எங்கள் எதிர்வீட்டுப் பெண், இங்கே ஜூனியர் கல்லூரி என்று சொல்லும் பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தாள். இதோடு போதும், ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று அவளுடைய அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டையும் முடிக்கட்டும் என்று தடுத்து நின்றவர் அம்மா மட்டுமே. தோல் பைகளுக்கு உள்துணி தைத்துக் கொடுக்கிறவர். மகள் சாப்பாட்டை மறந்து படித்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை ஒருநாள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

“நீ படிச்ச புள்ள. இதுல என்னதாம் இருக்குன்னு பாத்துச் சொல்லு. அவகிட்ட கேட்டா சிரிக்கா.”

ரத்தம் குடித்து வாழும் இளைஞர்களைப் பற்றிய தொடர் ஒன்றின் முதல் பாகம் அது. படிக்காமல் கருத்துச் சொல்வது நியாயமில்லை என்பதால், பாண்டுப்பில் உள்ள அலுவலகத்துக்குப் போய்வரும் ரயிலில் மூன்று நாள் படித்தேன். ஏளனத்தோடுதான் தொடங்கினேன். இரண்டாம் நாள் இறங்க வேண்டிய இடத்தை விட்டு முலுண்டு வரை போய்விட்டேன். மூன்றாம் நாள் சந்து முனையில் அவளைப் பார்த்தபோது, “மஸ்த்” என்று அவள் பாஷையிலேயே சொல்லி, பிடித்துவிட்டது என்று ஒப்புக்கொண்டேன். இரண்டாம் பாகம் கல்லூரித் தோழியிடம் இருப்பதாகவும் லீவு முடிந்ததும் கிடைத்துவிடும் என்றும் சொன்னாள்.

அவளுடைய அம்மாவிடம் எவ்வளவு சொல்வது என்று நிறைய யோசித்தேன். ஆங்கிலம் தெரியாதவர் என்பதற்காக ஒருவரிடம் மழுப்புவது அவமதிப்பு என்று நம்பினேன். முழு விவரமும் தெரிந்தால் சரியாகவே முடிவெடுப்பார் என்றும். ஆகவே அவர் தைத்துக்கொண்டிருக்க, கதையை வரிசையாகச் சொன்னேன்: ஏரிக்கரை ஊர், வயது ஏறாத பையன், அவன் யாரென்று தெரிந்தும் விலகாத பெண், கடைசி அத்தியாயத்தில் அவள் வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டு அவனோடு கிளம்புவது.

மெஷின் நின்றது.

“அவ அம்மை தேடலியா?”

“இந்தப் பாகத்துல தேடல அத்தே.”

“இத எத்தன தடவ படிச்சிருக்கா?”

எனக்குத் தெரிந்து மூன்று தடவை. அதையும் சொன்னேன்.

அவர் மகளைத் திட்டவில்லை. கணவரிடம் முதன்முறையாகச் சரி என்றார். அடுத்த வாரமே கல்லூரியிலிருந்து சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். அது வெறும் கற்பனை, இவள் எந்தப் பையனோடும் பழகவில்லை என்று நான் பலமுறை வாதாடினேன். பேசப் பேச, நான் எதையோ மறைக்கிறேன் என்ற சந்தேகமே அவருக்கு வலுத்தது.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“புக்கு மஸ்த்தா இருக்குன்னு எங்கிட்ட சொன்னீங்கல்லக்கா. அத மட்டும் ஏன் அம்மாகிட்ட சொல்லல?”

அது கதையில் சேராது என்று நினைத்தேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஊரில் மாமா வீட்டில் பீடி சுற்றுகிறாளாம். பதினெட்டு முடிந்த மறுமாதமே கல்யாணம். சட்டப்படி ஆட்சேபிக்க எனக்கு எதுவும் இல்லை. அழைப்பிதழை அவளுடைய அம்மாவே கொண்டுவந்து கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொல்லப்போயித்தாம் நேரத்தோட முழிச்சோம்.”

கையை விடுவித்துக்கொள்ளும் தைரியம் எனக்கு வரவில்லை.