தூதன் யார் வீட்டுக்குப் போனான்

நான் பாடம் நடத்திய பழைய செய்யுள் நாடகம் ஒன்றின் நான்காம் அங்கத்தில் ஒரு மதில் இடிந்து விழுகிறது. மேடையில் அல்ல, திரைக்குப் பின்னால். தன் வேண்டுதல் நிறைவேற, அமைச்சர் தடுத்தும் கேளாமல், கோடை முடிவதற்குள் எழுப்பியாக வேண்டும் என்று மன்னன் கட்டளையிட்ட மதில் அது. அது விழுந்த செய்தியைச் சொல்ல ஒரு தூதன் வருகிறான். பன்னிரண்டு அடிகள் பேசிவிட்டுப் போய்விடுகிறான். நாடக மாந்தர் பட்டியலில் அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில், ஆமத்தூரைத் தாண்டி இருந்த ஒரு கல்லூரியில் அப்போது நான் தற்காலிக விரிவுரையாளர். 'கடமைக்கும் இரக்கத்துக்கும் இடையே மன்னன் படும் போராட்டமே இந்நாடகத்தின் மையக்கருத்து' என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். தேர்வில் அப்படி எழுதினால்தான் மதிப்பெண்ணும் கிடைத்தது.

அந்த ஆண்டு மூன்றாம் ஆண்டு வகுப்பில் நாரணாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி இருந்தாள். பின்வரிசையில் உட்காருவாள், அதிகம் பேச மாட்டாள். மையக்கருத்தை நான் எழுதி முடித்துத் திரும்பியபோது அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"மேடம், தூதன் பேசுற பன்னெண்டு வரில ஆளுக செத்தது எங்கன இருக்கு?"

நான் புத்தகத்தைப் பார்த்தேன். அவள் முன்னரே எண்ணி வைத்திருந்தாள். மதிலின் உயரமும் அழகும் ஐந்து அடி. அது சரிந்த விதம் மூன்று அடி. மன்னனின் புகழுக்கு வந்த கேடு இரண்டரை அடி. மிச்சமிருந்த ஒன்றரை அடியில்தான் கல் சுமந்தவர்கள் இறந்திருந்தார்கள். எத்தனை பேர் என்றுகூட இல்லை. 'பலர்' என்று இருந்தது.

"நல்ல கேள்வி" என்றேன். பதில் தெரியாத நேரத்தில் ஆசிரியர்கள் சொல்வது அது. அன்று மாலை விருதுநகருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த ஒன்றரை அடியே என்னை உறுத்திக்கொண்டு வந்தது. அவள் ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாசு வேலை. என் வீட்டில் இரண்டு தலைமுறையாகப் பருப்பும் வற்றலும் வியாபாரம். பட்டாசு எங்களுக்குத் தீபாவளிக்கு வருவது. சாலையில் லோடு லாரிகளாகக் கண்ணில் படுவது. அவ்வளவுதான். படித்தவள், சமூகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவள் என்று என்னைப் பற்றி நான் நினைத்திருந்தேன். நான்கு ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த நூலில் அந்த அடிகளை ஒரு முறையாவது எண்ணிப் பார்த்தேனா?

துறையின் முத்தமிழ் விழாவில் அந்த நான்காம் அங்கத்தை மேடையேற்றலாம் என்று நான்தான் சொன்னேன். மன்னன் வேடத்துக்குப் போட்டி நடந்தது. சிவகாசியில் அச்சகம் நடத்தும் குடும்பத்துப் பையன் ஒருவன், கிரீடம் தன் வீட்டு அட்டையிலேயே செய்துவிடலாம் என்று சொல்லி அந்த வேடத்தை வாங்கிக்கொண்டான். தூதன் வேடத்தை யாரும் கேட்கவில்லை. நாரணாபுரத்து மாணவி மட்டும் கேட்டாள்.

முதல் ஒத்திகையில் அவள் மெதுவாக நடந்து வந்து, மன்னனுக்கு நாலடி தள்ளிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, மதில் விழுந்திருக்கு. மூச்சு வாங்க ஓடி வர வேண்டாமா? தக்காளி வாங்க வந்த மாதிரி வர்றே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"எங்க ஊர்ல அப்படித்தான் வருவாக மேடம். யாரும் ஓடியாந்து விழுந்து கும்பிட்டுச் சொல்ல மாட்டாக. மெதுவா வருவாக. வந்து கேள்விதான் கேப்பாக."

"என்ன கேள்வி?"

"அம்மா இன்னிக்கு எந்தக் கம்பெனிக்குப் போயிருக்காகன்னு."

சிரிப்பு நின்றது. வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி தெரிந்திருந்தது என்பதை அவர்கள் முகங்களைப் பார்த்த பிறகே உணர்ந்தேன். மற்றப் பாதிக்காக அவள் விளக்கினாள். காலையில் பட்டாசு வேலைக்கு ஆள் ஏற்ற வேன் வரும். ஆர்டரைப் பொறுத்து அது இன்று ஒரு கம்பெனிக்குப் போகும், நாளை இன்னொன்றுக்குப் போகும். வீட்டில் இருப்பவர்களுக்கு எது என்று தெரியாது. பொறி பறக்கும் என்பதால் போனை உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள். வாசலிலேயே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் ஊரே போன் அடிக்கும். எல்லாப் போனும் அந்தப் பெட்டிக்குள் கிடந்து அடிக்கும். எடுக்க ஆள் இருக்காது.

"அதனால மேடம், தெரிஞ்சுக்கிட்டு வாறவக, மொதல்ல அதத்தான் கேப்பாக. நாம ஒரு கம்பெனி பேரச் சொல்லணும். அவுக மூஞ்சியப் பாத்தே மிச்சத்தத் தெரிஞ்சுக்கிடலாம்."

பன்னிரண்டு அடிகளுக்கு முன்னால் ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ள அவளுக்கு அனுமதி கொடுத்தேன். 'மன்னா, இன்று மதில் வேலைக்கு யார் யார் போனார்கள் என்று அறிவீரா?'

"எனக்கு அதுக்குப் பதில் வசனம் இல்லையே மேடம், நான் என்ன செய்ய?" என்று மன்னன் கேட்டான்.

"ராசா தெரியாமத்தான்லே நிப்பாரு. சும்மா நில்லு, அது போதும்" என்றாள் தூதன்.

இது ஒரு வேடம் மட்டும் அல்ல என்பதை அன்று பஸ் நிறுத்தத்தில் அவளே சொன்னாள். அவள் அம்மா, பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தார். ஆபத்து கூடுதல் என்பதால் கூலியும் சற்றுக் கூடுதல். அங்கிருந்து வெளியேறி, சிவகாசியில் காலண்டர் தாள் அடுக்கும் பிரஸ்ஸில் சேர்ந்துவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சை எடுத்தாலே அம்மா, சோறு ஆறுகிறது என்று எழுந்து போய்விடுவாராம்.

"விழாவுக்கு வாரேன்னு சொல்லியிருக்காக மேடம். சபையில ஒக்காந்துட்டா எந்திரிச்சுப் போக முடியாதுல்லா. ஒரு தடவ முழுசாக் கேட்டுட்டாகன்னா, அடுத்த நாள்ல இருந்து மருந்து ரூமுக்குப் போக மாட்டாக."

ஒரு நாடகத்தால் அது முடியும் என்று அவள் நம்பினாள். நான் அதைவிட அதிகமாக நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் என் தவறும் நடந்தது.

அந்தக் காட்சிக்கு இன்னும் வலிமை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மதில் இடியும் சத்தம் வெறும் மத்தளமாக இருந்தால் போதாது. ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லி, ஒரு கட்டடம் சரியும் பதிவை வாங்கி, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வைக்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளில் போட ஏற்பாடு செய்தேன். காலி அரங்கத்தில் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. நடிகர்கள் உண்மையாகத் திடுக்கிட வேண்டும் என்பதற்காக மாணவர்களிடம் இதைச் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

விழா ஒரு வேலை நாளில், மதிய உணவுக்குப் பிறகு. பின்வரிசைகளில் அம்மாக்கள் பத்திருபது பேர் வந்திருந்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகும்போது கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நல்லாருக்கீகளா மேடம்? எம் மவ ஆம்பள வேசம் கட்டுதாளாமே" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் விரல் நகங்களில் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் ஏறியிருந்தது. கழுவினால் போகாத நிறம்.

மன்னன் மதிலைப் புகழ்ந்து முடித்தான். நான் ஒலிபெருக்கிக்காரருக்குக் கை காட்டினேன்.

சத்தத்தைவிட அதிர்வுதான் முன்னால் வந்தது. தரை ஒரு முறை உதறியது. சன்னல் கண்ணாடிகள் கலகலத்தன. முன்வரிசையில் இருந்த பேராசிரியர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் முடிவதற்குள் பின்வரிசைகள் காலியாகிவிட்டன.

யாரும் கத்தவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் பின்னால் ஓடினேன். முற்றத்து வெயிலில் அத்தனை பெண்களும் சிவகாசித் திசையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லார் காதிலும் போன்.

"ஏக்கா, எந்தப் பக்கம்?"

"பொக ஒண்ணும் தெரியலயே."

"எடுக்க மாட்டேங்காகளே... மணி அடிச்சுக்கிட்டே இருக்கு."

"வேல நேரந்தான, பெட்டிக்குள்ள கெடக்கும். இருத்தா, மறுபடி அடி."

அது நாடகச் சத்தம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது என்னைத் தாண்டி, தலைப்பாகையும் ஒட்டு மீசையுமாகத் தூதன் வெளியே வந்தாள். வேகமாக வந்தவள், அவர்கள் பார்வை தன் மேல் திரும்பியதும் நின்று, பின் மெதுவாக நடந்து போனாள்.

"ஒண்ணும் இல்ல. எங்கயும் ஒண்ணும் ஆகல. ஸ்பீக்கர்ல போட்ட சத்தம், நாடகத்துக்கு."

ஒரு நிமிடம் எவரும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு வயதான பெண் ஒருவர் தரையில் குந்தி உட்கார்ந்து, "ஏலே, கூறு கெட்ட கழுதைகளா, எவன்லே அதப் போட்டது?" என்று மேடைப் பக்கம் பார்த்துக் கத்தினார். போட்டவள் நான்தான் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களா..." என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

எண்ணிப் பார்த்ததில் ஒரு பெண் குறைந்தார். அவர் கணவர் அன்று வேலைக்குப் போயிருந்தார். கேட்டைத் தாண்டி ஓடியவர், அந்நேரம் வந்த சிவகாசி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டதாகக் காவலாளி சொன்னார். அவரும் யாருக்கோ போன் அடித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். நாங்கள் கூப்பிட்டபோதெல்லாம் லைன் கிடைக்கவில்லை.

நாடகத்தை நிறுத்திவிடலாம் என்றேன். அவள்தான் மறுத்தாள். அம்மாக்கள் உள்ளே வந்தார்கள்; உட்காரவில்லை, சுவரோரம் நின்றார்கள். தூதன் மெதுவாக நடந்து வந்து கைகளைக் கட்டிக்கொண்டு, 'மன்னா, இன்று மதில் வேலைக்கு யார் யார் போனார்கள் என்று அறிவீரா?' என்று கேட்டாள். அட்டைக் கிரீடத்தோடு அந்தப் பையன் சும்மா நின்றான். அவன் நடிக்கவில்லை. அவன் கண்கள் முழுதும் கலங்கியிருந்தன.

கலைந்து போகும்போது அவள் அம்மா என்னிடம் வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இந்தத் தூதன் ராசாகிட்டத்தான வந்து சொல்லுதான்? மதிலுக்கு அடியில கெடக்கவுக வீட்டுக்கு யாரு போய்ச் சொன்னா?"

"நாடகத்துல அது இல்லைங்க."

"ராசா என்ன, மறுநா வேற மதில் கட்டிக்கிடுவாரு. அவருக்குச் சேதி ஒரு மணி நேரம் பிந்துனா என்ன கொறஞ்சிரும்?" பிறகு, "எழுதுனவரு அரமணையோட நின்னுட்டாரு" என்றார்.

நான் படித்த எத்தனையோ பழைய நாடகங்களை அன்று இரவு முழுவதும் மனத்துக்குள் புரட்டினேன். போர், வெள்ளம், தீ எதுவாயினும் தூதர்கள் எல்லாரும் அரண்மனைக்குத்தான் ஓடினார்கள். குடிசைப் பக்கம் ஒருவன்கூடத் திரும்பவில்லை. இவ்வளவு எளிய கேள்வி எந்த உரையிலும் என் கண்ணில் பட்டதில்லை. என் ஆய்வேட்டிலும் அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாரணாபுரம் போனேன். முதலில் போனது, விழாவிலிருந்து பஸ் ஏறி ஓடிய பெண்ணின் வீட்டுக்கு. அவர் என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். "அத விடுங்க மேடம், தெரிஞ்சா செஞ்சீக" என்றார். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டே, "வந்த வழி பூரா கண்டக்டர் எங்கிட்ட டிக்கெட் கேக்கவே இல்ல. எம் மூஞ்சியப் பாத்துட்டு அங்கிட்டுப் போயிட்டாரு" என்றார். அதை அவர் ஒரு புகாராகச் சொல்லவில்லை. எனக்கு இன்று வரை எந்தப் பஸ்ஸிலும் டிக்கெட் வாங்கும் நேரத்தில் அது நினைவுக்கு வருகிறது.

மாணவியின் வீடு அதே தெருவில், மூன்றாவது. உள்ளே நுழைந்ததும் சுவரில் இருந்த காலண்டரைத்தான் அவள் காட்டினாள். விழாவுக்கு மறுநாள் முதல் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கம்பெனியின் பெயர், பென்சிலில் எழுதியிருந்தது; ஓரங்களில் சமையல் கரி படிந்த விரல் தடம்.

"வேன்காரர்கிட்ட முந்துன நாளே கேட்டு எழுதி வச்சிட்டுத்தான் மேடம் போறேன்" என்றார் அம்மா. "மாறுச்சுன்னா வாசல்ல போனப் பெட்டியில போடுறதுக்கு முந்தி அடிச்சுச் சொல்லிருவேன். இவ சபையில நின்னு கேட்டாள்ல, பேசாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"பிரஸ் வேலைக்கு..."

"இவ படிப்பு முடியட்டும் மேடம்." எழுந்துவிட்டார். "சாப்பிட்டீகளா? சோறு ஆறுது."

பஸ் நிறுத்தம் வரை அவள் என்னோடு வந்தாள். அம்மாவின் மனத்தில் ஏதோ அசைந்திருக்கிறது, நாடகம் தோற்கவில்லை என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். அம்மாவை மருந்து அறையிலிருந்து பிரிக்க முடியாமல் கட்டி வைத்திருப்பது எங்கள் கல்லூரியின் கட்டணமும்தான் என்பது அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அதனால் சொல்லவில்லை.

"பேர் எழுதி வைக்கிறாங்கள்ல. அது உனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகு தூரத்தில் யாரோ சாம்பிள் வெடி போட்டுப் பார்த்தார்கள். அவள் தலையைத் திருப்பவில்லை. கால் கட்டைவிரல் மட்டும், அதிர்கிறதா என்று தரையை அழுத்திப் பார்த்தது.

"பத்தாது மேடம்" என்றாள். "அம்மா இன்னும் உள்ளதான இருக்காக. எங்கிட்டு ஓடணும்னுதான் இப்பத் தெரியும்."