ரிமோட் தூளி

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவிலேயே ரிமோட் வைத்த தூளி இருந்த ஒரே வீடு எங்களுடையது. எங்கள் டிவிக்குத்தான் ரிமோட் கிடையாது. அது எப்போதோ உடைந்துபோய், எழுந்துபோய்ப் பட்டனை அமுக்கிச் சேனல் மாற்றிக்கொண்டிருந்தோம். ஆனால் தங்கையின் தூளிக்கு இருந்தது. அந்தப் பெயரை வைத்ததும் நான்தான், தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டதும் நான்தான். அப்போது நான் நாலாம் வகுப்பு.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடிவிட்டார்கள். இந்த மாதம் திறப்பார்கள், அடுத்த மாதம் திறப்பார்கள் என்று கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோனது. அந்த நேரத்தில்தான் அம்மாவுக்குச் சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் மருந்துப் பாட்டில் அடுக்குகிற வேலை கிடைத்தது. காலையில் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். எல்லாம் சரி, கைக்குழந்தையை யார் பார்ப்பது? அப்பா தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். அவர் அப்படித்தான், வாயால் சொல்ல வேண்டியதில் பாதியைக் கையால் சொல்லிவிடுவார்.

மில்காரர்கள் எல்லோரிடமும் அந்தப் பழக்கம் இருந்தது. தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாதாம். அதனால் அவர்களுக்குள் ஒரு கைப்பாஷை. இழை அறுந்துவிட்டதா, மேஸ்திரி வருகிறாரா, டீக்குப் போகலாமா, எல்லாவற்றுக்கும் விரல் அசைவு உண்டு. மில் மூடிய பிறகும் அப்பாவின் கூட்டாளிகள் தெருமுனை டீக்கடையில் நின்றால், அப்பா எங்கள் வாசலில் நின்றபடியே அவர்களோடு பேசுவார். நடுவில் ஆட்டோ, லாரி எது போனாலும் பேச்சு அறுபடாது. என் அப்பா ஏதோ ரகசியப் படையைச் சேர்ந்தவர் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். உடன் படிக்கிற பையன்களின் அப்பாக்களுக்கு வாயால் மட்டும்தான் பேசத் தெரியும். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அம்மா வேலை விஷயமாகக் கம்பெனிக்குப் போய்வந்த அன்றே வம்பு வந்துவிட்டது. தங்கை தூளியில் விழித்துக்கொண்டு தொண்டை கட்டும்வரை அழுதிருக்கிறாள். அப்பா தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து உடைந்த முக்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் இருந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலைபார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். அதனால் அதைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்போம். அந்த வீட்டு அத்தைதான் ஓடிவந்து குழந்தையைத் தூக்கியிருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது தெருவில் பாதிப்பேர் எங்கள் வாசலில் நின்றார்கள். கல்நெஞ்சுக்காரன் என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அத்தையிடம் அமைதியாகச் சொன்னாள்.

“அவரு ஒரு வேலையில எறங்கிட்டா ஒலகமே தெரியாதுக்கா.”

எனக்கு அது பெரிய பாராட்டாகத்தான் தோன்றியது. ஆனால் விஷயம் பாகூர் வரைக்கும் போய்விட்டது. பாகூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பயிர்வைத்துக்கொண்டிருந்த பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், அடுத்த நாளே வண்டி ஏறி வந்துவிட்டார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“ஆம்பள ஊட்ல குந்திகினு கைப்புள்ளய வளக்கறதுலாம் நடக்கிற காரியமா? எங்க ஊட்ல மாடு கீது, பாலு கீது, ஒன் அண்ணி கீறா. நீ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்க.”

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. வேலைக்குப் போனால் பிள்ளை வீட்டில் இருக்காது. கடைசியில், வீராம்பட்டினம் தேருக்கு எப்படியும் நீ வருவாய் அல்லவா, தேர் பார்த்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்து உன் கண்ணாலேயே பார், சரியில்லை என்றால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போ என்று சொன்னாள். மாமா சரி என்று போய்விட்டார். தங்கை பாகூருக்குப் போய்விடுவாள் என்று எனக்கு அழுகை வந்தது. அப்பா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி மெதுவாகச் சொன்னாள். அவர் பக்கத்திலேயேதானே இருந்தார், எதற்கு இன்னொரு முறை சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தார். உள்ளே மில்லிலிருந்து கொண்டுவந்த, நூல் சுற்றுகிற காலி பாபின்கள், ஒரு பெரிய நூல் கண்டு. வீட்டில் வேலை தொடங்கியது. ஜன்னல் சட்டத்தில் ஒரு பாபின், சமையலறைச் சுவரின் மேல் இரண்டு, தோட்டத்துக் கதவு நிலையில் ஒன்று என்று ஆணியில் மாட்டினார். விரலால் தட்டினால் ஒவ்வொன்றும் ராட்டினமாகச் சுற்றியது. நூலை நாலு இழையாகச் சேர்த்து, தொடையில் வைத்து முறுக்கி, மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். பிள்ளையின் கைக்கு எட்டாதபடி தூளியின் மேல் முடிச்சில் ஒரு முனையைக் கட்டினார். நூல் அங்கிருந்து கிளம்பி, ஜன்னலுக்கு ஏறி, சமையலறையைக் கடந்து, தோட்டத்தில் துணி துவைக்கிற கல் வரைக்கும் போனது. அங்கே ஒரு சுருக்கு. கல்லில் உட்கார்ந்தால் சுருக்கு கால் கட்டைவிரலுக்கு, அடுப்படியில் நின்றால் மணிக்கட்டுக்கு.

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். உலகத்தில் எல்லா வீட்டிலும் தூளியை ஆட்ட வேண்டுமானால் தூளிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். என் அப்பா தோட்டத்தில் துணி துவைத்துக்கொண்டே, கட்டைவிரலை அசைத்து, இரண்டு சுவருக்கு அப்பாலிருக்கும் பிள்ளையைத் தூங்கவைக்கப்போகிறார். விமானம் கண்டுபிடித்தவன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

வெள்ளோட்டம் நடந்தது. அப்பா கல்லில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். அம்மா உள்ளே தூளியின் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூளி வேகமாக ஆடிவிடாமல் பிடித்துக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அப்பா கண்ணைத் திறந்து, தோட்டத்திலிருந்து எழுந்து வந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். மில் மூடிய பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளே பையன்களைக் கூட்டிவந்து காட்டினேன். பாதிப்பேர் தூளிக்குப் பக்கத்தில் நின்றார்கள், மீதிப்பேர் அப்பாவின் காலுக்குப் பக்கத்தில். தூளி ஆடியபோது கட்டைவிரலும் ஆடியது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எங்கள் வீட்டிலும் ஒன்று போட்டுத்தரச் சொல்லேன் என்று ஒருவன் கெஞ்சினான். அவன் வீட்டில் கைக்குழந்தையே கிடையாது.

தேர் வந்தது. ஆடி வெள்ளி, ஊருக்கே விடுமுறை. அம்மாவின் கம்பெனிக்கு மட்டும் விடுமுறை இல்லை. பஸ் ஏறப்போகும்போது தூளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். வெயில் ஏறும் நேரத்துக்கு மாமா நெற்றியில் குங்குமத்தோடு வந்து சேர்ந்தார். அம்மன் தேரை வடம் பிடித்த கை என்று உள்ளங்கையைக் காட்டினார். எனக்குத் தேர்க்கடையில் வாங்கிய ஒரு பீப்பீ. தங்கையின் துணிகளை எடுத்துப்போக ஒரு வெறும் பையும் கொண்டுவந்திருந்தார். அந்தப் பையைக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டு, தூளிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்பா தோட்டத்தில் குழந்தைத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். குழாய் தடதடவென்று பக்கெட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. பரீட்சை நடக்கிறதே என்ற கவலையில் நான் உள்ளுக்கும் தோட்டத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். போகும்போதும் வரும்போதும் பீப்பீயை ஊதினேன். மாமா இரண்டு முறை அதட்டினார். சொல்தா வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். அப்பாவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்று நான் ஊதியும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் பிடுங்கி ஓட்டின் மேல் எறிந்திருப்பார். என் அப்பாவின் பொறுமையே பொறுமை.

நான் உள்ளே வந்தபோது தூளிக்குள் தங்கை நெளிந்தாள். கண் இன்னும் திறக்கவில்லை. ஜன்னல் மேலிருந்த பாபின் லேசாக ஒரு சுற்று சுற்றியது. மாமா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். தங்கையின் உதடு கோணியது, அழுகை வருவதற்கு முன்னால் கோணுமே அப்படி. அது அழுகையாவதற்குள் அப்பா ஈரக்கையை வேட்டியில் துடைத்தபடி தூளிக்கு முன்னால் நின்றார். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அழாமலே அவள் கொட்டாவி விட்டாள்.

மாமா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஏதோ தற்செயல் என்று நினைத்திருக்க வேண்டும். பாலைக் குடித்துவிட்டுத் தங்கை மறுபடி தூங்கியதும், அப்பா மறுபடி தோட்டத்துக்குப் போனார். இந்த முறை மாமா என்னைப் பீப்பீ ஊதக்கூடாது என்று பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் தங்கை காலை உதைத்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. அதே போல் அப்பா வந்து நின்றார். குழாய் இன்னும் தடதடத்துக்கொண்டுதான் இருந்தது. மாமா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“மாப்ள, ஒனக்கு இன்னா பாம்புக் காதா? எங்க ஊட்ல புள்ள கத்தி ஓஞ்சப்புறம்தான் எம் பொண்டாட்டிக்கே கேக்கும்.”

அப்பா மாமாவின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். குழந்தையை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்கப் போனார். மாமா சாயங்காலம் கிளம்பும்போது கொண்டியில் மாட்டிய பையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நூலை ஒருமுறை தொட்டுப் பார்த்து, தூளி ஆட்டுவதற்கு இப்படி ஒரு வழியா என்று வியந்துபோனார். அவர் ஊரில் அப்பாவுக்குப் பாம்புக் காதுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணம் காட்சிக்குப் போனால் அப்படித்தான் விசாரிப்பார்கள்.

அம்மா அன்று பஸ் நிற்பதற்குள் இறங்கி ஓடிவந்தாள். தூளி கனமாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றினாள். பாம்புக் காது கதையை நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். பிறகு அப்பாவின் காலைத் தன் மடிக்கு இழுத்து, நூல் அறுத்துச் சிவந்திருந்த கட்டைவிரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். துவைக்கிற கல் குத்திவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தங்கை நடக்க ஆரம்பித்ததும் நூலை அவிழ்த்துவிட்டார்கள். பாபின்கள் அப்படியே இருந்தன. அவற்றின் மேலேயே சுண்ணாம்பு அடித்தோம், பிறகு பெயிண்ட் அடித்தோம்.

இப்போது எனக்கு ஒரு மகள். மனைவி விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. வயசாகிவிட்டது என்று நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பெரும்பாலும் வாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகளுக்குத் தூளி கட்டிய அன்று ஜன்னல் சட்டத்தில் பெயிண்டுக்கு அடியில் பாபின் கண்ணில் பட்டது. சொல்ல முடியாத சந்தோஷம். நானும் அப்பாவாகிவிட்டேன், எனக்கும் ரிமோட் தூளி. பெயிண்டைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, அதே மாதிரி நூலை முறுக்கி, என் மேஜை வரைக்கும் இழுத்துக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டேன்.

இழுத்தேன், தூளி அசையவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தபோது நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி இழுத்தேன், மறுபடி அறுந்தது. ஒரு பிள்ளையின் கனத்தை ஆட்டுகிற நூலே இல்லை அது. நைலான் கயிறு வாங்க வேண்டும் என்று எண்ணியபடி முடிச்சைப் போட்டு, சுருக்கைக் காலிலேயே விட்டுவிட்டேன். ஆபீஸ் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். யாரோ பேசிக்கொண்டே போனார்கள்.

கட்டைவிரலை ஏதோ சுண்டியது.

திரும்பிப் பார்த்தேன். தூளித் துணி நெளிந்துகொண்டிருந்தது. விளிம்புக்கு மேல் ஒரு குட்டிக் கால் தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். குழந்தை இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். முதுகுக்குப் பின்னால் நின்று நான் ஊதிய பீப்பீ ஞாபகம் வந்தது. அப்பாவின் எதிரில் உட்கார்ந்து அம்மா மெதுவாகப் பேசியது ஞாபகம் வந்தது. அவ்வளவு வருஷம் ஓட்டிய தறி அப்போதே அவர் காதை வாங்கிக்கொண்டுவிட்டது. மாமாவுக்கு அது தெரிந்திருந்தால், அந்த வெறும் பை நிரம்பித் தங்கை அன்றைக்கே பாகூர் போயிருப்பாள். வாசலில் அப்பா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் தூளியை ஆட்டுகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். அந்த நூலை இழுத்தவள் தங்கைதான். பேசக்கூடத் தெரியாத அவள், அந்த வீட்டில் அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.